ஆசிரியர் குழுக்களும் கோடைப் பருவமும்: கிளார்க் கெர் நூலை முன்வைத்து ஒரு திறனாய்வு

முன்னுரை

பல்கலைக்கழக ஆட்சிமுறை குறித்து இருபதாம் நூற்றாண்டில் எழுந்த நூல்களுள் கிளார்க் கெர் இயற்றிய ‘பல்கலைக்கழகத்தின் பயன்கள்’ குறிப்பிடத்தக்க ஒன்றாகும். 1963ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் அவர் ஆற்றிய மூன்று காட்கின் சொற்பொழிவுகளே அந்நூலுக்கு அடிப்படை. பின்னர் வந்த பதிப்புகளில் புதிய இயல்கள் சேர்க்கப்பட்டன. ஐந்தாம் பதிப்பு 2001இல் வெளிவந்தது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் தலைவராக 1958 முதல் 1967 வரை பணியாற்றிய ஒருவர், தாம் நடத்திவந்த நிறுவனத்தையே ஆய்வுப்பொருளாக்கிய நூல் என்பதால் அதற்குத் தனி மதிப்புண்டு.

அந்நூல் பேசும் பல பொருள்களுள் ஆசிரியர் குழுக்கள் பற்றிய கருத்தை மட்டும் இக்கட்டுரை எடுத்துக்கொள்கின்றது. ஒரு பாடத்தை நடத்தலாமா, அதற்கு எத்தனை அலகு வழங்கலாம், அதனை யார் கற்பிக்கலாம் என்பவற்றைத் தீர்மானிப்பவை இக்குழுக்களே. அவற்றின் அதிகாரம் எதுவரை செல்கின்றது என்பதைக் கல்வியாண்டின் நடுவில் நின்று அறிவது அரிது. வழக்கமான கல்வியாண்டு முடிந்து கோடைப் பருவம் தொடங்கும்போதுதான் அவ்வெல்லை கண்ணுக்குப் புலப்படுகின்றது. ஆகவே கோடைப் பருவத்தை உரைகல்லாகக் கொண்டு கெர்ரின் கருத்தை மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும். மலேசிய, சிங்கப்பூர் வாசகர்க்கு இஃது அயல்நாட்டுச் செய்தி மட்டுமன்று. தமிழ் போன்ற சிறிய துறைகளின் நிலைபேறும் இவ்வினாவோடு பிணைந்துள்ளது.

கெர் கண்ட பல்கலைக்கழகம்

கெர் தொழிலாளர் பொருளியலில் வல்லவர். தொழிற்பூசல்களில் நடுவராக அமர்ந்து பழகியவர். அப்பழக்கத்தின் தடம் நூல் முழுவதிலும் தெரிகின்றது. கர்தினால் நியூமன் கண்ட கல்விச் சமூகமும், ஆபிரகாம் பிளெக்ஸ்னர் போற்றிய ஆராய்ச்சி நிறுவனமும் கடந்த காலத்தவை என்பது அவர் துணிபு. மாணவர், ஆசிரியர், நிர்வாகிகள், அரசு, தொழில்துறை எனப் பல சமூகங்கள் ஒரே பெயரின்கீழ் வாழும் ‘பன்மைப் பல்கலைக்கழகமே’ இன்றைய உண்மை என்று அவர் வாதிடுகின்றார். அதன் தலைவர் ஆணையிடும் அரசராக அன்றி, முரண்படும் தரப்புகளுக்கிடையே அமைதி காக்கும் நடுவராகவே விளங்க முடியும் என்கின்றார்.

இப்படத்தில் ஆசிரியர் குழுக்கள் பெறும் இடம் இருமுகம் கொண்டது. சேர்க்கை, பாடத்திட்டம், தேர்வு, பட்டம் ஆகியவற்றில் ஆசிரியர்களின் கூட்டதிகாரம் வலிமை வாய்ந்தது என்பதைக் கெர் ஒப்புக்கொள்கின்றார். அதே வேளையில், வெளியுலகச் செய்திகளில் மாற்றத்தை விரும்பும் ஆசிரியர்கள் தம் நிறுவனத்தின் செய்திகளில் பழைமையைப் பேணுபவர்களாக இருக்கின்றனர் என்றும் சுட்டுகின்றார். எனவே புதியன பெரும்பாலும் துறைகளுக்குப் புறத்தே, ஆய்வு நிறுவனங்களிலும் நிர்வாகம் தொடங்கும் திட்டங்களிலும் பிறக்கின்றன என்பது அவருடைய முடிவாகும்.

இம்மதிப்பீட்டில் உண்மை இல்லாமல் இல்லை. ஒரு புதிய பாடத்திற்கு ஒப்புதல் பெறத் துறைக்குழு, புலக்குழு, செனட் எனப் படிப்படியாகச் சென்று காத்திருந்த எவரும் அதனை மறுக்கமாட்டார். ஆயினும் இரண்டு குறைகள் இதில் உள்ளன. குழுக்கள் தாமதிக்கின்றன என்று கூறும் கெர், அத்தாமதத்திற்குள் என்ன பணி நடைபெறுகின்றது என்று ஆராயவில்லை என்பது ஒன்று. குழுக்களின் ‘உள்’ என்றும் ‘புறம்’ என்றும் பிரிக்கும் கோடு இயற்கையாக அமைந்தது போலக் கொண்டு, அதனை வரைந்தவர் யார் என்று கேளாமல் விட்டது மற்றொன்று. இவ்விரண்டையும் அவருடைய பல்கலைக்கழகத்தின் வரலாற்றைக் கொண்டே விளக்கலாம்.

குழுக்கள் பெற்ற உரிமையும் அதன் எல்லையும்

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தை நிறுவிய 1868ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே ஆசிரியர்களின் செனட் இடம்பெற்றிருந்தது. எனினும் ஏட்டில் இருந்த செனட் நடைமுறையில் வலுப்பெற அரை நூற்றாண்டு ஆயிற்று. பெஞ்சமின் ஐடு வீலர் தலைவராக இருந்த 1899 முதல் 1919 வரையிலான காலத்தில் அதிகாரம் அவர் ஒருவரிடமே குவிந்திருந்தது. அவர் விலகியபின் ஆசிரியர்கள் ஒன்றுகூடித் தம் உரிமைகளை வலியுறுத்தினர். இந்நிகழ்வு வரலாற்றில் ‘பெர்க்லி கிளர்ச்சி’ என வழங்கப்பெறுகின்றது. 1920இல் ஆட்சிக்குழு அவ்வுரிமைகளைத் தன் நிலையாணைகளில் ஏற்றுக்கொண்டது. அவற்றுள், தன் குழுக்களைத் தானே அமைத்துக்கொள்ளும் உரிமையைச் செனட் பெற்றது முதன்மையானது. ‘குழுக்களை அமைக்கும் குழு’ என்ற பெயரைக் கேட்போர் நகைக்கக்கூடும். ஆனால் உறுப்பினரைத் தலைவர் நியமிக்கும் குழு தலைவரின் கருத்தையே எதிரொலிக்கும் என்பதை வீலர் காலத்து ஆசிரியர்கள் பட்டறிந்திருந்தனர். தன்னாட்சியின் வேர் வாக்களிப்பதில் மட்டும் இல்லை. யார் அமர்ந்து பேசுவது என்பதைத் தீர்மானிப்பதிலும் உள்ளது.

இன்றளவும் பேசப்படும் நிலையாணை 105.2, பாடங்களையும் பாடத்திட்டங்களையும் ஏற்று மேற்பார்வையிடும் அதிகாரத்தைச் செனட்டுக்கு வழங்குகின்றது. அதே ஆணை சில விலக்குகளையும் கூறுகின்றது. பட்டத்திற்குரியவை அல்லாத விரிவாக்கக் கல்விப் பாடங்கள் அவற்றுள் ஒன்று. அதாவது, ஒரு பாடம் பட்டத்தோடு இணைந்திருக்கும் வரை அது குழுவின் பார்வைக்குள் நிற்கின்றது. பட்டத்திலிருந்து விலகியதும் அப்பார்வையிலிருந்தும் விலகிவிடுகின்றது. கெர் காணும் ‘புறம்’ இவ்வாறு விதியால் வகுக்கப்பட்டதே.

குழுவின் எல்லையை மற்றொரு முகத்தில் காட்டியது 1949ஆம் ஆண்டு விசுவாச உறுதிமொழிச் சிக்கல். பொதுவுடைமைக் கட்சியைச் சாராதவர் என ஆசிரியர்கள் கையெழுத்திட வேண்டுமென ஆட்சிக்குழு விதித்தது. கையெழுத்திட மறுத்தோரின் வழக்குகளைச் செனட்டின் உரிமை மற்றும் நிலைப்பணிக் குழு தனித்தனியே விசாரித்து, பெரும்பாலோர் பணியில் தொடரலாமெனப் பரிந்துரைத்தது. ஆயினும் 1950 ஆகஸ்டு 25ஆம் நாள் ஆட்சிக்குழு 12க்கு 10 என்ற வாக்கில் 31 ஆசிரியர்களைப் பணிநீக்கியது. 1952இல் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் அவர்களை மீண்டும் பணியில் அமர்த்த வழிவகுத்தது. ஆட்சிக்குழு ஏற்காவிடினும், குழு எழுதிவைத்த விசாரணை முடிவுகள் ஒவ்வோர் ஆசிரியரையும் தனி மனிதராகக் கண்டு நீதி பேசின.

அவ்விசாரணைக் குழுவின் உறுப்பினருள் ஒருவர் கிளார்க் கெர் என்பது ஈண்டு நினைவுகொள்ளத்தக்கது. 1952இல் பெர்க்லி வளாகத் தலைவராக அவர் உயர்வதற்கு முன் ஆசிரியர்களின் நம்பிக்கையைப் பெற்றது இப்பணியால்தான். அப்படிப்பட்டவர், குழுவின் மெதுவான நடையை மாற்றத்திற்குத் தடையாக மட்டும் காண்பது நூலின் முரண் எனலாம். அவசரத்தில் எடுக்கப்பட்ட உறுதிமொழி முடிவே பல்கலைக்கழகத்தைச் சிதைத்தது. பொறுமையாக விசாரித்த குழு அதன் மானத்தைக் காத்தது.

கோடைப் பருவம் என்னும் உரைகல்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கோடைக் கல்வி பல வேர்களை உடையது. ஹார்வர்டு கோடைப் பள்ளி 1871இல் தொடங்கியது. 1892இல் திறக்கப்பட்ட சிகாகோ பல்கலைக்கழகத்தில் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர் ஆண்டை நான்கு காலாண்டுகளாகப் பகுத்தார். அவர் திட்டத்தில் கோடைக் காலாண்டு ஏனைய மூன்றுக்கும் நிகரானது. கோடையில் கற்பித்த ஆசிரியர் வேறொரு காலாண்டில் ஓய்வு பெறலாம். டார்ட்மத் கல்லூரி 1972இல் பெண்களைச் சேர்த்துக்கொண்டபோது, புதிய விடுதிகளைப் பெருமளவில் கட்டாமலும் ஆண் மாணவர் தொகையைப் பெரிதும் குறைக்காமலும் இருக்க ஆண்டு முழுவதும் இயங்கும் திட்டத்தை ஏற்றது. இரண்டாம் ஆண்டை அடுத்துவரும் கோடையில் மாணவர் வளாகத்தில் தங்கிக் கற்பது அத்திட்டத்தின் கூறாயிற்று.

இவ்விரு திட்டங்களிலும் கோடை பட்டப்படிப்பின் உள்ளுறுப்பு. மூன்றாவது வகை ஒன்றுண்டு. அதில் கோடைப் பருவம் மாணவர் கட்டும் கட்டணத்தால் தன்னைத் தானே தாங்கிக்கொள்ள வேண்டும். போதிய மாணவர் சேர்ந்தால் வகுப்பு நடைபெறும், சேராவிடில் கைவிடப்படும். அமெரிக்கப் பேராசிரியர் பலருடைய பணியொப்பந்தம் ஒன்பது மாதங்களுக்குரியது. ஆதலால் கோடையில் கற்பிப்போருள் ஒப்பந்த விரிவுரையாளரும் ஆய்வு மாணவரும் மிகுதி. குழுக்களில் அமரும் பேராசிரியர்களும் அம்மாதங்களில் வளாகத்தில் இருப்பது அரிது. கற்பித்தல் நடைபெறும் காலமும் கற்பித்தலை ஆராயும் குழு கூடும் காலமும் இவ்வாறு பிரிந்துவிடுகின்றன.

கலிபோர்னியா இவ்வகைகளுக்கிடையே அலைந்தது. மாணவர் தொகை பெருகிய 1960களில், கட்டடங்களை ஆண்டு முழுவதும் பயன்படுத்தும் நோக்கில் பெர்க்லி வளாகம் 1966இல் அரையாண்டுப் பருவமுறையிலிருந்து காலாண்டு முறைக்கு மாறியது. அரசு நிதியில் நடத்தப்பெற்ற கோடைக் காலாண்டு அப்பதிற்றாண்டின் இறுதியிலேயே நின்றுபோயிற்று. எதற்காக நாள்காட்டி மாற்றப்பட்டதோ அது மறைந்தபின்னும் மாற்றிய நாள்காட்டி நிலைத்தது. 1983இல்தான் பெர்க்லி பழைய பருவமுறைக்குத் திரும்பியது. மீண்டும் 2001 முதல், பெர்க்லி உள்ளிட்ட சில வளாகங்களின் கோடைப் பாடங்களுக்கு மாநில நிதி வழங்கப்பட்டது. நிர்வாகத் திட்டங்கள் விரைந்து வரும், விரைந்தும் போகும். அவற்றின் விளைவுகளோடு நெடுங்காலம் வாழ வேண்டியவர்கள் ஆசிரியரும் மாணவருமே. கெர் போற்றும் விரைவின் விலையை அவர் நூல் கணக்கிடவில்லை.

குழு என்ன செய்கின்றது என்பதற்கு ஓர் எளிய கணக்கு போதும். கலிபோர்னியச் செனட்டின் விதிப்படி ஓர் அலகு என்பது பருவம் முழுவதும் வாரந்தோறும் 3 மணிநேர உழைப்பு. 15 வாரப் பருவத்தில் 4 அலகுப் பாடம் ஒன்றுக்கு 180 மணிநேரம் ஆகின்றது. அதே பாடத்தை 6 வாரக் கோடை வகுப்பில் நடத்தினால் மாணவர் வாரத்திற்கு 30 மணிநேரம் உழைக்க வேண்டும். வகுப்பு, வாசிப்பு, எழுத்து அனைத்தும் இதனுள் அடங்கும். அவ்வாறான இரு பாடங்களை ஒருவர் ஒரே வேளையில் எடுத்தால் வாரத்திற்கு 60 மணிநேரம். கட்டணம் திரட்டும் அலுவலகத்திற்கு இஃது இரு பதிவுகள். பாடங்களை ஆராயும் குழுவுக்கோ இது நிகழக்கூடியதா என்ற வினா. இவ்வினாவைக் கேட்க ஒருவர் இல்லாவிடில் அலகு என்பது உழைப்பின் அளவாக இராமல் விற்பனைச் சீட்டாகிவிடும். தாமதம் எனக் கெர் குறிப்பிடுவதன் பெரும்பகுதி இத்தகைய கணக்கைச் சரிபார்க்கும் நேரமே.

1966இல் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கம், ஆட்சிக்குழுக்களின் சங்கம் முதலியவற்றோடு கூடி வகுத்த அறிக்கையும் பாடத்திட்டம், கற்பிக்கும் முறை, ஆசிரியர் தகுதி ஆகியவற்றில் ஆசிரியர்க்கே முதற்பொறுப்பு உண்டு என்றது. பாடம் நடைபெறும் மாதத்தைப் பொறுத்து அப்பொறுப்பு மாறுவதற்குக் கல்விசார்ந்த காரணம் எதுவுமில்லை.

பட்டம் யாருடையது?

பட்டத்தை எல்லைக்கோடாகக் கொள்ளும் விதி எவ்வாறு பயன்படக்கூடும் என்பதைச் சிங்கப்பூர் வாசகர் அண்மையில் கண்டனர். யேல் பல்கலைக்கழகமும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் இணைந்து 2011இல் ஒரு கலைக்கல்லூரியை அமைக்க உடன்பட்டன. அக்கல்லூரியின் பட்டத்தைச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமே வழங்கும். அது யேலின் பட்டம் ஆகாது. ஆதலால் அதனைத் தொடங்குவது குறித்து யேல் ஆசிரியர்களின் வாக்கு கோரப்படவில்லை. யேலின் பெயரைத் தாங்கிய கல்லூரி யேல் ஆசிரியர் அவையின் எல்லைக்குப் புறத்தே நின்றது. 2012 ஏப்ரலில் அவ்வவை சிங்கப்பூரில் குடிமை, அரசியல் உரிமைகளின் நிலை குறித்துக் கவலை தெரிவிக்கும் தீர்மானத்தை 100க்கு 69 என்ற வாக்கில் நிறைவேற்றியது. முடிவெடுத்தபின் தெரிவிக்கப்பட்ட கருத்து என்பதால் அது திட்டத்தை மாற்றவில்லை.

கல்லூரி 2013இல் முதல் மாணவரைச் சேர்த்தது. 2021 ஆகஸ்டில், அது வேறொரு திட்டத்தோடு இணைக்கப்பட்டு மூடப்படும் என அறிவிக்கப்பட்டது. மாணவரும் ஆசிரியரும் அம்முடிவை அறிவிப்பின் வழியாகவே அறிந்தனர் என்பது அன்று எழுந்த முறையீடு. நாடாளுமன்றத்திலும் இது குறித்து வினாக்கள் எழுப்பப்பட்டன. 2025இல் கல்லூரி மூடப்பட்டது. இம்முடிவு சரியா தவறா என்பது இக்கட்டுரையின் பொருளன்று. தொடக்கத்தில் கேளாத ஒரு நிறுவனம் முடிவிலும் கேட்கவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது. துறைகளுக்குப் புறத்தே பிறக்கும் புதுமை தடையின்றி வளரும் என்று கெர் எண்ணினார். தடையின்றி வளர்வது தடையின்றி வெட்டவும் படும் என்ற மறுபக்கத்தை அவர் காணவில்லை.

சிறு துறைகளின் நிலை

இவ்விவாதத்தில் தமிழ்த்துறைகளுக்குள்ள பங்கு என்ன? அமெரிக்காவில் தமிழ் கற்பித்தலின் ஒரு பகுதி கோடைப் பருவத்தையே சார்ந்திருந்தது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மேடிசன் வளாகத்தில் நடைபெற்ற தெற்காசியக் கோடை மொழிப் பயிலகம், ஈராறு மாதத்துப் பாடத்தை எட்டு வாரங்களில் கற்பித்த மொழிகளுள் தமிழும் ஒன்று. இந்தியவியல் ஆய்வுக்கான அமெரிக்க நிறுவனம் மதுரையில் தமிழ்ப் பயிற்சி நடத்தியது. இவ்வகைக் கல்விக்குத் துணைநின்ற கூட்டரசின் உதவித்தொகை 1958ஆம் ஆண்டுத் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்திலிருந்து வந்தது. 2025இல் அமெரிக்கக் கல்வித்துறை அந்நிதியாண்டுக்கான உதவியை நிறுத்தியது. ஐவரோ அறுவரோ பயிலும் வகுப்பு கட்டணத்தால் தன்னைத் தாங்க இயலாது. தலைகளை எண்ணும் கோடையில் தமிழ் முதலில் விழும். எண்ணிக்கைக்கு அப்பாற்பட்ட தகுதியைப் பேச வல்ல இடம் குழுவின் மேசையே.

ஆயினும் குழுவைத் தெய்வமாக்குவதும் தகாது. பெரிய துறைகளின் உறுப்பினரே மிகுதியாக உள்ள குழு சிறிய துறையைக் கவனியாது விடலாம். அறிஞரின் தீர்ப்பு மட்டுமே போதாது என்பதற்கு நம் மண்ணின் வரலாறே சான்று. 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமைப்பது குறித்துக் கருத்துரைக்க வரலாற்றறிஞர் க. அ. நீலகண்ட சாஸ்திரி அழைக்கப்பட்டார். சமஸ்கிருதத்திற்கு முதன்மை தந்த அவருடைய கருத்தை இந்நாட்டுத் தமிழர் எதிர்த்தனர். கோ. சாரங்கபாணியின் ‘தமிழ் முரசு’ அவ்வெதிர்ப்புக்குக் குரல் தந்தது. ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் நிதித்திட்டத்திற்கு எளிய மக்கள் சிறுசிறு தொகைகளை வழங்கினர். அந்நிதி துறையின் நூலகத்திற்குத் துணையாயிற்று. 1956இல் தொடங்கிய துறையில் தமிழ் தனக்குரிய இடத்தைப் பெற்றது. பெர்க்லியிலும் தமிழ் இருக்கை அங்குள்ள தமிழரின் நன்கொடையால் அமைந்தது. ஆசிரியர் நியமனமோ செனட்டின் குழு ஆராயும் முறைக்கு உட்பட்டது. சமூகம் பொருளும் குரலும் தருதல், குழு தகுதியை ஆராய்தல் என்ற இப்பகிர்வே சிறு துறைகளுக்கு ஏற்ற ஆட்சிமுறை எனத் தோன்றுகின்றது.

மலேசியாவில் 1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகங்கள் மற்றும் பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டத்தின்கீழ் புல முதல்வரை நியமிப்பவர் துணைவேந்தரே. செனட்டுக்குத் தலைமை தாங்குபவரும் அவரே. 1920இல் பெர்க்லி ஆசிரியர்கள் பெற்ற, குழுவைத் தாமே அமைக்கும் உரிமையோடு இதனை ஒப்பிட்டால் இடைவெளி விளங்கும். குறும்பருவங்களும் கட்டணப் பாடங்களும் இங்கும் பெருகும் காலத்தில் இவ்வொப்பீடு நமக்குப் பயன்படும்.

முடிவுரை

கெர்ரின் நூல் பல்கலைக்கழகத்தை உள்ளவாறே காட்டிய துணிவுக்காகப் போற்றத்தக்கது. ஆனால் குழுக்களைப் பற்றிய அதன் தீர்ப்பு அரைத் தீர்ப்பே. குழு மெதுவாக நடக்கின்றது என்பது மெய். அது நடக்கும் வழியில்தான் அலகு உழைப்பின் அளவாகவும், ஆசிரியர் தகுதி உடையவராகவும், பட்டம் நம்பத்தக்கதாகவும் நிலைபெறுகின்றன. புதுமை புறத்தே பிறக்கின்றது என்பதும் மெய்; அப்புறத்தை விதியே வகுத்தது, விதியால் மாற்றவும் இயலும்.

ஆகவே கோடைப் பருவத்தின் பாடங்களும் கல்வியாண்டின் பாடங்களைப் போலவே குழுவின் ஆய்வுக்கு உட்பட வேண்டும். பல்கலைக்கழகத்தின் பெயரால் நடத்தப்படும் எதுவும், பட்டம் பிறருடையது என்ற காரணத்தால் ஆசிரியர் கருத்துக்கு அப்பாற்படுதல் கூடாது. சிறிய துறைகளின் வகுப்புகளைக் கட்டணக் கணக்கிலிருந்து விலக்கிக் கல்விப்பயன் கொண்டு மதிப்பிட வேண்டும். இவை மூன்றும் செய்யப்படாத இடத்தில், பல்கலைக்கழகத்தின் தன்னாட்சி ஆண்டுக்கு ஒன்பது மாதம் மட்டுமே உயிர்வாழும்.